மாட்டை அவிழ்க்காமல் யாரும் வீடு மாறிப் போவதில்லை

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து உட்கார்ந்து, காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல், "ஊருக்குப் போற கப்பலுக்குப் பேரு குடுத்துட்டேம்மா, நீயும் துணிமணிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் வாயைத் திறக்கவில்லை. பதில் இல்லாததால் இல்லை. நேரில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். காகிதத்தைப் பார்த்துச் "சரிம்மா" சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நான் மூன்றாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், சொல்வது கோணலாக இருக்காது. இதில் ஒரு படியை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இருக்கட்டும். பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்புக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ் வாசலில் நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் உன்னைப் போலவே ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்களோ, அவர்களும் படிக்கட்டும்.

அன்றைக்கு அந்தக் கவுண்டரில் நடந்ததை நீ மறந்துவிட்டாய், அல்லது மறந்த மாதிரி இருக்கிறாய். நானும் கூடத்தான் வந்திருந்தேன், என்னை பெஞ்சில் உட்காரவைத்தாய். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீ பிறந்தபோது உன் அப்பா இந்த நாட்டில் குடியிருந்தவரா, அந்தக் குடியிருப்பை அவராகவே முறித்துக்கொண்டு போகாதவரா. அப்படி என்றால் அவர் வழியாக உனக்குப் பிரஜாவுரிமை உண்டு, சிவப்புக் கார்டு நீலமாகும், உன் லோரி வேலைக்கு யாரிடமும் பெர்மிட் கேட்டு நிற்க வேண்டாம். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பையன் மரியாதையான பையன். என்னை "மக்சிக்", பெரியம்மா என்று கூப்பிட்டுத் தண்ணீர்கூடக் கொடுத்தான். அவன் உன்னிடம், "பாபா மானா?" என்று கேட்டான். அப்பா எங்கே என்று. நீ யோசிக்கவே இல்லை. "சுடா பெர்கி சியாம்" என்றாய். சயாமுக்குப் போயிட்டார். பேனா ஓடும் சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

பிறகு கடிதம் வந்தது. நீயே படித்துக் காட்டினாய். உன் அப்பா சயாமுக்குப் "பிண்டா" ஆகிவிட்டாராம். சட்டி பானை, பாய் தலையணை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறு வீட்டுக்குக் குடிபோகிறார்களே, அதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் அது. அவராகவே குடிபெயர்ந்து போயிருக்கிறார், அப்படி இல்லை என்றால் நேரில் பார்த்தவர்களின் சாட்சியோடு வா என்று எழுதியிருந்தார்கள். நீ கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சதும்மா" என்றாய். எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் இல்லை. அவன் கேட்டதை எழுதினான். உன் மேல்தான் கோபம். அதைவிட, உன் வாயில் அந்தச் சொல்லைப் போட்டவள் மேல் கோபம்.

அது உன் அப்பாயி, என் மாமியார். செத்துப்போனவர்களைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். நீ பேச ஆரம்பித்த காலத்தில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா எங்கடா?" என்று கேட்பாள். நீ கையை நீட்டி, "சயாமு போயிட்டாரு" என்பாய். "என்ன வாங்கிட்டு வருவாரு?" "சட்ட." உடனே உனக்கு ஒரு முத்தம். எங்கள் ஆற்றோரக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். ஆம்பிளை இல்லாத வீட்டில் யாரும் "செத்துட்டாரு" என்று சொல்லவில்லை, "பிடிச்சிட்டுப் போனான்" என்றும் சொல்லவில்லை. சொன்னால் தாலியைப் பற்றிப் பேச வேண்டும், திதியைப் பற்றிப் பேச வேண்டும். "சயாமுக்குப் போயிருக்காரு" என்றால் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கலாம். நம் ஜனங்களுக்குள் அந்தச் சொல்லின் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? நான் மட்டும் அந்தப் பாட்டைப் பாடியதே இல்லை. நீ கேட்டபோதெல்லாம், "கொண்டு போயிட்டானுங்க" என்றுதான் சொன்னேன். நீ அழுவாய், பிறகு அப்பாயியிடம் போய்ச் சட்டைக் கதை கேட்பாய். உனக்கு இனிப்பான சொல் பிடித்திருந்தது. அதற்கு இப்போது விலை கேட்கிறார்கள்.

உன் அப்பா யார் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். பால்குடி மறந்த வயதில், அவருடைய அப்பாவின் தோளில் உட்கார்ந்து கப்பலிலிருந்து இறங்கியவர். அதற்குப் பிறகு கடலையே பார்க்காதவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ஆற்றோரம்தான் வீடு, மாட்டுக்கொட்டகை எல்லாம். முதலில் அவருடைய அப்பா சூளையிலிருந்து செங்கல் ஏற்றினார், பிறகு இவர் ரோட்டு வேலைக்கு ஜல்லி ஏற்றினார். சொந்த வண்டி, சொந்த மாடு. செவலை ஒன்று, மயிலை ஒன்று. யாரிடமும் சம்பளத்துக்கு நின்றதில்லை என்று பெருமை பேசுவார். அந்தப் பெருமைதான் இப்போது நம்மைக் கெடுத்தது. தோட்டத்தில் வேலை செய்தவனுக்குத் தோட்டத்துச் சூராட், அத்தாட்சிக் காகிதம், இருக்கிறது, ரயில்வேயில் இருந்தவனுக்கு ரயில்வே சூராட் இருக்கிறது. வண்டிக்காரனுக்கு என்ன சூராட் இருக்கும்? அவர் இங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி சக்கரம் பதிந்த தடம்தான். அதன் மேல் தார் போட்டுவிட்டார்கள்.

ஜப்பான்காரன் நாற்பத்திரண்டில் வந்தான், நாற்பத்தைந்தில் போனான். "போனான்" என்ற சொல் அவனுக்குத்தான் பொருந்தும். அவன் வந்த மறு வருஷம், நீ குப்புற விழுந்து தலையைத் தூக்க ஆரம்பித்திருந்த சமயம். ஆற்றோர ரோட்டைச் செப்பனிடும் வேலை நடந்தது. மண்டோர் ரெங்கசாமி என்று ஒருவன், ரோட்டுக்காரர்களுக்கெல்லாம் தலைவன். அவன் எங்கே கொட்டச் சொல்கிறானோ அங்கேதான் உன் அப்பா ஜல்லியைக் கொட்டுவார். அன்றைக்குக் காலையில் அவித்த உபிக்கிழங்கை, மரவள்ளிதான், தூக்கில் எடுத்துக்கொண்டு, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் போனேன். அரிசி எல்லாம் அப்போது கனவு. நான் வளைவில் திரும்பும்போதே, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற ஜப்பான்காரன் லோரி நின்றிருந்தது. ரோட்டு ஆட்கள் வரிசையாக நின்றார்கள், ஒரு சோல்ஜர் துப்பாக்கியால் ஒவ்வொருவராக லோரியைக் காட்டிக்கொண்டு வந்தான். அந்த வரிசையில் மண்டோருடைய தம்பியும் நின்றான். மண்டோர் குனிந்து குனிந்து கும்பிட்டு, கையால் ஏதோ ஜாடை காட்டி, தம்பியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். சோல்ஜர் விரலைக் காட்டினான். ஒரு ஆள் குறைகிறது என்று.

உன் அப்பா அப்போதுதான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தூரத்தில், மரத்தடியில். அவரை யாரும் பார்க்கவில்லை. மண்டோர் திரும்பிப் பார்த்தான். பிறகு, தினமும் கூப்பிடுகிற அதே குரலில், "வீராசாமி, மாட்ட அப்புறம் அவுக்கலாம், கொஞ்சம் இங்க வா" என்று கூப்பிட்டான்.

அவர் ஜல்லி கொட்டும் இடத்தைக் காட்டத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். வந்தவரை முதுகில் இடித்து ஏற்றினார்கள். துண்டு கீழே விழுந்தது. லோரியில் நின்றுகொண்டு அவர் என்னைப் பார்த்தார். ஐயோ என்று கத்தவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லவில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டு. வெயில் ஏறுறதுக்குள்ள அவுத்துடு" என்றார். லோரி கிளம்பிவிட்டது. நான் அந்தத் துண்டிலேயே உன்னைக் கிடத்திவிட்டு மாட்டை அவிழ்த்தேன். தும்பைப் பிடிக்கக்கூட எனக்குத் தெரியாது. மண்டோர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவன் முதுகைப் பார்த்தேன். அந்த முதுகை இன்றைக்கும் கூட்டத்தில் வைத்து அடையாளம் சொல்வேன்.

அதற்குப் பிறகு வண்டியை நானே ஓட்டினேன். உன் அப்பாயி வாசலை மறித்து நின்று, "பொம்பள வண்டி ஓட்டுனா நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?" என்றாள். "அந்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு கிழங்கு கொண்டாந்து குடுத்தா நான் வீட்லயே இருக்கேன் அத்தே" என்றேன். விறகு ஏற்றினேன், கிழங்கு ஏற்றினேன், ஜப்பான்காரன் முகாமுக்குத் தண்ணீர்ப் பீப்பாய்கூட ஏற்றினேன். உன்னைச் சாக்குக்குள் உட்காரவைத்து வண்டியின் முன்னால் கட்டியிருப்பேன். காவல் நிற்கிற சென்ட்ரிக்காரனைப் பார்த்தால் இறங்கிக் குனிந்து கும்பிட வேண்டும். நீயும் சாக்குக்குள்ளேயே குனிவாய். மயிலையைக் கடைசி வருஷத்தில் கறிக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏர்க்காலை மாற்றிக் கட்டி, செவலையை மட்டும் வைத்து ஓட்டினேன். சண்டை முடிந்து, சயாமிலிருந்து திரும்பி வந்த ஒருவர், எலும்பும் தோலுமாக, உன் அப்பா காலராவில் ஒரு ஆற்றங்கரைக் கொட்டகையில் முடிந்துபோனதைச் சொன்னார். எந்த ஆறு என்று கேட்டேன். அவருக்குப் பெயர் தெரியவில்லை. உன் அப்பாயி அதைக் கேட்டுவிட்டும் மறுநாள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா எங்கடா?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

இப்போது நீ சொல். வீடு மாறிப் போகிறவன் மாட்டை நுகத்தடியிலேயே விட்டுவிட்டா போவான்? வண்டிக்காரன் தன் தாயைக்கூட மறந்துவிட்டுப் போவான், மாட்டை அவிழ்க்காமல் போவானா? இதை அந்தக் கவுண்டரில் சொல்ல உனக்கு ஏன் தோன்றவில்லை? உனக்கு இந்தக் கதை தெரியும். நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சின்ன வயதில் "போதும்மா" என்பாய், கல்யாணமான பிறகு "பழச எதுக்கும்மா கெளறிக்கிட்டு" என்பாய். கிளறாமல் வைத்ததால்தான் இன்றைக்கு "பிண்டா" என்று எழுதிவிட்டார்கள்.

கடிதம் வந்த மறுநாளே நான் சாட்சி தேடக் கிளம்பிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. பார்த்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வளைவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பாய் இருந்திருந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் மகன் இருக்கிறான். "அத்தா மௌத்தாயிட்டாரே அக்கா, நான் அப்ப பொறக்கவே இல்லையே" என்று கையைப் பிசைந்தான். செராஸில் இருக்கிற சரசு, நான் வண்டி ஓட்டியதைப் பார்த்தவள், லோரி வந்த அன்றைக்கு அவள் அங்கே இல்லை. கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அவன் மேருவில் மகள் வீட்டில் இருக்கிறான் என்று எனக்கு எப்போதோ தெரியும். பகையாளி குடியிருக்கிற இடத்தை நான் தொலைப்பதில்லை.

கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து மேருவுக்கு ஒரு பஸ். மண்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு வற்றிப்போய், சட்டை இல்லாமல். வயதானவனை "நீங்க" என்று சொல்ல வேண்டும், எனக்கு வாய் வரவில்லை.

"வா தங்கச்சி. ஒரு நாளைக்கு நீ வருவேன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"தங்கச்சி கிங்கச்சியெல்லாம் வேணாம். வருவேன்னு தெரிஞ்சா நீயே வந்திருக்கலாம். இங்கேருந்து அங்க பஸ் ஓடுது."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வரது?"

"இதே மூஞ்சிதான். வேற மூஞ்சியா வச்சிருக்க?"

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். உன் கார்டு, உன் லோரி, அவர்கள் எழுதிய சொல், எல்லாவற்றையும். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "எழுதித் தரேன். உன் வீட்டுக்காரரு சயாமுக்குப் போனதைப் பார்த்தேன்னு கையெழுத்து போட்டுத் தரேன். போதும்லா?"

மறுபடியும் அதே சொல். எனக்கு எப்படி இருந்திருக்கும் பார். "அவரு போனத நீ பார்க்கல. கொண்டு போனதப் பார்த்த. கூப்பிட்டது நீ. அப்படியே எழுதணும்" என்றேன்.

"அது எதுக்கு இப்ப? வீட்ல பேரப்புள்ளைங்க இருக்கு."

"என் வீட்லயும் பேரப்புள்ளைங்க இருக்கு. அதுங்களுக்காகத்தான் வந்திருக்கேன்."

அவன் மகள் தேத்தண்ணியோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். "என்னப்பா இது? யாரைக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். நான் சொன்னேன். குரலைத் தாழ்த்தவில்லை, பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அந்தப் பெண், "ஜெஞ்சாரோம் சித்தப்பாவுக்குப் பதிலாவா?" என்றாள். மண்டோர், "அவனுக்கு அப்ப மீசகூட மொளைக்கலம்மா" என்று முனகினான். "என் வீட்டுக்காரருக்கு மீச மொளைச்சிருந்தது. அதான் அவரு செஞ்ச குத்தம்" என்றேன். அந்தத் தம்பிக்கு இப்போது ஜெஞ்சாரோமில் கோழிப்பண்ணை இருக்கிறது, கையில் நீலக் கார்டு இருக்கிறது. வரிசையிலிருந்து இழுத்துவிடப்பட்டவனுக்கு நீலம். இழுத்துக்கொண்டு போகப்பட்டவர் பிள்ளைக்குச் சிவப்பு. இதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். தேத்தண்ணியை நான் தொடவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் என் தம்பியை வெளியே இழுத்திருப்பேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இழுத்திருப்பேன். இன்னொருவரைக் கூப்பிட்டிருப்பேனா என்றால், அதையும் செய்திருப்பேனோ என்னவோ. துப்பாக்கி எதிரே நின்றவர்களைப் பற்றி வீட்டில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம். ஆனால் மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். விறகு வெட்டிப் போட்டிருப்பேன், மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டிருப்பேன், அவள் செருப்பால் அடித்தால் வாங்கியிருப்பேன். இவன் வரவில்லை. அன்றைக்கு அவன் கூப்பிட்டதைவிட, பிறகு வராமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பகை. நீயும் வாழ்க்கையில் யாருக்காவது கெடுதல் செய்ய நேரலாம். செய்தால் மறுநாளே போய் நில். தள்ளிப்போட்டால் மேருவில் நாற்காலி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

மண்டோர் கடைசியில், "இத செஞ்சா என்னை மன்னிச்சிருவியா?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. வயதானவன் அழுதால் எல்லாருக்கும் மனசு இளகும். எனக்கு இளகவில்லை. "அத நான் கொண்டாரல. சாட்சி சொல்ல வரியா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றேன். அவன் வாயைத் திறக்கும் முன்னே அந்த மகள் உள்ளே போய் ஒரு வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தாள். "கைய நீட்டுங்கப்பா" என்றாள். அவன் நீட்டினான். அவளே பொத்தான் போட்டுவிட்டாள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

கிள்ளான் டவுனில் சத்தியம் வாங்கி முத்திரை போடுகிற ஆபீஸ். டைப் அடிக்கிற பெண் நம் பெண்தான், கண்ணாடி போட்டவள். தாத்தா சொல்லச் சொல்ல மலாயில் அடித்தாள். எந்த வேலை, எந்த ரோடு, எந்த வருஷம், எல்லாவற்றையும் அவன் சரியாகச் சொன்னான். அந்த மரத்தைக்கூடச் சொன்னான். பிறகு அந்தப் பெண், "நீங்க என்னன்னு கூப்பிட்டீங்க தாத்தா?" என்று கேட்டாள். "வீராசாமி, மாட்ட அப்புறம் அவுக்கலாம், கொஞ்சம் இங்க வான்னு கூப்பிட்டேன். நான் கூப்பிட்டதாலதான் அவன் வந்தான்" என்றான்.

நான் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுகூட எழுதித்தான் காட்டினேன். இப்போதும் எழுதியிருக்கிறேன், எழுதினால் சொன்னதாகாது என்று வைத்துக்கொள். அவரைக் கொண்டுபோன பிறகு மற்றவர்களும் உன் அப்பா என்றோ வண்டிக்காரர் என்றோதான் சொன்னார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரலை நான் கடைசியாகக் கேட்டது அந்த ரோட்டில். மறுபடி கேட்டது கிள்ளானில். அதே வாயிலிருந்து. மண்டோர் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தான்.

அடித்து முடித்த காகிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டியபோது நான் தடுத்தேன். "அதுக்கு என்னா சொல்லு போட்டிருக்க? பெர்கியா, பிண்டாவா?" என்று கேட்டேன். டைப் அடித்த பெண் சிரித்துவிட்டாள். "ரெண்டும் இல்ல பாட்டி. டிபாவா."

"அப்படின்னா?"

"கொண்டு போகப்பட்டார்னு அர்த்தம். அவரா போகல."

அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது நானும் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த சீனத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும்.

இனி கப்பலுக்கு வருகிறேன். ஊரில் உன் மாமனாருக்கு நிலம் இருக்கிறது என்று மருமகள் சொல்கிறாள். இருக்கட்டும். அந்த ஊரில் உன்னை எந்த நாயும் அடையாளம் கண்டு வாலாட்டாது. அதற்காகவும் நான் தடுக்கவில்லை. பிழைக்கப் போகிறவனைத் தடுக்க நான் யார்? என் மாமனாரும் ஒரு காலத்தில் பிழைக்கத்தான் வந்தார். ஆனால் ஒன்றை யோசி. உன் அப்பாவைப் பற்றி அவர்கள் எழுதியது பொய் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மண்டோருக்கும் தெரியும். நீ சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு போர்ட் கிள்ளானில் கப்பலேறினால், அதற்குப் பெயர்தான் "பிண்டா". அப்பன் மேல் எழுதிய பொய்யை மகன் தன் காலாலேயே நடந்து காட்டி உண்மையாக்கினான் என்று ஆகும். அதற்காகவா நான் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உன்னைச் சாக்கில் கட்டி இழுத்தேன்?

நான் வரமாட்டேன். துணிமணி எடுத்து வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. அப்போதும் அதற்கு எந்தச் சொல்லைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சாட்சிக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அந்த ஆபீஸ் திறக்கும்போது நான் வாசலில் இருப்பேன். நீ வந்தாலும் இருப்பேன், வராவிட்டாலும் இருப்பேன். ஒரு தடவையில் முடியாது என்பார்கள், இன்னொரு காகிதம் கேட்பார்கள், மேலே இருக்கிறவரைப் பார்க்கச் சொல்வார்கள். சொல்லட்டும். மாட்டை ஓட்டப் பழகியவளுக்கு வரிசையில் நிற்கத் தெரியாதா? வருவதானால் சவரம் பண்ணிக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா. அந்த மலாய்க்காரப் பையன் மறுபடியும், "பாபா மானா?" என்று கேட்பான். நீ வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் சொல்லிவிடுவேன், அந்தச் சொல் எனக்கு மனப்பாடம். ஆனால் அவன் என்னிடமா கேட்பான்? உன்னிடம்தானே கேட்பான்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றுதான் உன் அப்பா கடைசியாகச் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வருகிறவன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான். அதையும் சேர்த்துச் சொல்.

உன் அம்மா